பேய் வீட்டுக்குள் புறா

தங்கை பையன் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்திருக்கிறான். எந்தப் பூங்கா என்று கேட்காதீர்கள். அவன் வேலைக்கு உலை வைத்த பாவம் எனக்கு வேண்டாம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வந்தவன், அடையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

"மாமா, உங்க பில்டிங்ல புறா நெட் போட்டாரே ஒருத்தர், அவர் நம்பர் இருக்கா?"

"இருக்கு. உனக்கு எதுக்குடா?"

"பேய் வீட்டுக்கு."

உள்ளேயிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவன் விளக்கினான். அவர்கள் பூங்காவில் பேய் வீடு என்று ஒரு ரைடு. நாலு பேர் உட்காரும் வண்டி தண்டவாளத்தில் போகும். வெளியே நிழற்கூரையின் கீழ் ஏறிக்கொள்ள வேண்டும். வண்டியின் மூக்கு ஒரு ரப்பர் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு இருட்டுக்குள் நுழையும். எலும்புக்கூடு, சங்கிலிச் சத்தம், புகை எல்லாம் ஆனபிறகு நடுவில் ஒரு பால்கனி வழியாக வெளியே வந்து கீழே நிற்பவர்களுக்குத் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போகும். ஆக, கட்டடத்தில் நாலு ஓட்டை. அந்த நாலு வழியாகவும் புறா வருகிறது, அணில் வருகிறது. சாயங்காலம் வௌவால். மழை பெய்தால் தேரை. ஒருநாள் பிணப்பெட்டியைத் திறந்துகொண்டு எழுகிற பொம்மையின் மடியில் புறா முட்டை வைத்திருந்ததாம். குழந்தைகள் பயப்படாமல், "அய், புறா!" என்று கைதட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேனேஜருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவர் உடனே ஆன்லைனில் இரண்டு சாமான் வாங்கிவிட்டார். ஒன்று, பிளாஸ்டிக் ஆந்தை. இன்னொன்று, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் பெட்டி. ஆந்தையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அசையாத ஆந்தைக்கு சென்னைக் காக்கை எத்தனை நாள் மரியாதை கொடுக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பெட்டி விஷயம்தான் வேடிக்கை. பறவைகளின் காது உச்ச ஒலிகளில் நம் காதைவிட மட்டம். நமக்கே கேட்காததுக்குப் புறா எங்கே பயப்படப் போகிறது? எலிக்கும் வௌவாலுக்கும் கேட்கும். ஆனால் பக்கத்தில் தீனி இருந்தால் எலி அந்த இரைச்சலுக்குச் சீக்கிரமே பழகிக்கொள்ளும், பாண்டி பஜாரில் குடியிருப்பவர் ஹாரனுக்குப் பழகுவதுபோல.

இதில் தகராறு எங்கே வருகிறது என்று பாருங்கள். முழுக்க வெளியே நிற்கும் ராட்டினத்தில் காக்கை உட்காரும், எழுந்து போகும். முழுக்க மூடிய ஏ.சி. அரங்கில் எலி, கரப்பான் தவிர மற்றவர்களுக்கு வேலையில்லை. நடுவில் இருப்பதுதான் வம்பு. கூரை இருக்கும், மழை படாது, வெயில் அடிக்காது, ஆனால் வாசல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும். காசு கொடுத்து வந்த மனிதன் சில நிமிஷம் சுற்றிவிட்டுப் போய்விடுகிறான். புறாவோ உள்ளேயே குடும்பம் நடத்துகிறது.

"கிளம்பு, ஒண்ணு காட்டறேன்" என்று அவனை லஸ் பக்கம் கூட்டிப்போனேன். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்துக்கு.

சேப்பாக்கத்தோடு நின்றிருந்த பறக்கும் ரயில் மயிலாப்பூருக்கு வந்தது 1997-ல். பிறகு 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி என்று பெரும்பாலும் பக்கிங்காம் கால்வாயை ஒட்டி நீண்டது. இந்த வழியில் உள்ள நிலையங்களைக் கட்டியவர்கள் பெரிய மனசோடு கட்டினார்கள். தரைக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே மாடி மாடியாக இடம் விட்டார்கள். கடை வரும், ஆபீஸ் வரும் என்று கணக்கு. பெரும்பாலும் வரவில்லை. சுவர் பாதி, கூரை முழுசு, ஆள் நடமாட்டம் குறைவு. பூங்காக்காரர்கள் பயப்படுகிற அத்தனையும் இங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். அதே லஸ்ஸில் பூமிக்கடியில் மெட்ரோ நிலையம் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே ஓடுகிற மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்தையே கண்ணாடிக் கதவு போட்டு மூடியிருக்கிறார்கள். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பிளாட்பாரத்துக்கு ஏறும் படிக்கட்டில் நின்று தலைக்கு மேலே பார்க்கச் சொன்னேன். இரும்பு பீமின் கீழ்த்தட்டில் ஒரு கூடு. தென்னை ஈர்க்குச்சி நாலைந்து, சிவப்பு உறை போட்ட ஒயர் துண்டு, ஒரு வெள்ளைக் கேபிள் டை, ஐஸ்கிரீம் குச்சி ஒன்று. கூடு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். முட்டை உருண்டு விழாமலிருக்க நாலு குச்சி, மீதியை எச்சமே பூசி, காய்ந்து, கெட்டிப்படுத்திவிடும். அதன்மேல் உட்கார்ந்திருந்த புறா எங்களைத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. ரயில் வந்தது, கட்டடமே அதிர்ந்தது. அது இறகைக்கூட அசைக்கவில்லை.

தங்கை பையன் கையை விரித்து அளவு பார்த்தான். "மாமா, எங்க ட்ராக் பீமும் இதே அகலம்தான்."

அவ்வளவுதான் விஷயம். நம் ஊர் மாடப்புறாவின் முன்னோர்கள் பாறை முகடுகளிலும் குகை வாய்களிலும் வாழ்ந்தவை. மரக்கிளையில் கூடு கட்டும் பழக்கம் அதற்கு அநேகமாகக் கிடையாது. அதற்கு வேண்டியது தலைக்கு மேல் ஒரு மறைப்பு, காலுக்குக் கீழ் ஒரு சாண் அகலத் தட்டு. நாம் அதை பீம் என்கிறோம், சன்ஷேடு என்கிறோம், ஏ.சி. அவுட்டோர் யூனிட் என்கிறோம். தடவைக்கு இரண்டு முட்டை, சுமார் 18 நாள் அடைகாப்பு, ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடவோ குறையவோ குஞ்சு பறந்துவிடும். சென்னைத் தட்பவெப்பத்தில் வருஷம் முழுக்க இந்தச் சக்கரம் ஓடும். ஆகவே வாசலில் நின்று கை தட்டி விரட்டுகிறவன் தோற்றுப்போவான். உள்ளே உட்காரும் தட்டை இல்லாமல் செய்கிறவன்தான் ஜெயிப்பான்.

எப்படி? தட்டின்மேல் 45 டிகிரிக்கு மேல் சாய்வாக வழவழப்பான தகடு வைத்து மூடிவிட்டால் கால் நிற்காது, குச்சியும் நிற்காது. செலவு ஒரு தடவை. முள் பட்டை வைக்கிறார்கள் பல இடங்களில். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முள்ளுக்கு நடுவே குச்சியைச் செருகி, கூட்டை இன்னும் பலமாகக் கட்டுகிற புறாக்கள் உண்டு. பீம் மொத்தத்தையும் கீழிருந்து வலையால் மூடுவது அடுத்த வழி.

வலை என்றதும் எங்கள் கட்டடத்துக்கு வந்த தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று எந்த அடுக்குமாடியை நிமிர்ந்து பார்த்தாலும் பால்கனியில் மெல்லிய வலை தெரிகிறதே, அந்த வேலை செய்கிறவர். முதலில் சுவரைச் சுற்றி ட்ரில் போட்டு ஹூக் அடித்தார். ஹூக்குகளின் வழியாகத் தடிமனான கயிறு ஒன்றை ஓட்டி இழுத்துக் கட்டினார். பிறகு வலையின் ஒவ்வொரு ஓரக் கண்ணையும் அந்தக் கயிற்றோடு முடிந்தார். கடைசியில் சோதனை. முஷ்டியை மடக்கி ஓரம் முழுக்கக் குத்திக்கொண்டே போனார். "கை போற எடத்துல புறா போவும் சார். போனது வெளிய வராது. அதான் ஆபத்து." புறாவுக்கு 50 மில்லிமீட்டர் கண் போதும். சிட்டுக்குருவி அளவுப் பறவை என்றால் அதில் பாதிக்கும் குறைவான கண் வேண்டும். வலை தொய்ந்தால் பறவை சிக்கிச் செத்துத் தொங்கும். அந்தக் காட்சி பேய் வீட்டுக்குக்கூட ஆகாது.

ஈ.சி.ஆரில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்று. ஜி.ஐ. கம்பியும் ஹூக்கும் துருப்பிடித்து விழும். நைலான் வெயிலில் நைந்துபோகும். நைலானை அணில் கடிக்கவும் கடிக்கும். கடலோரத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலேயே 316 என்கிற ரகம் இருக்கிறது, அதுதான் தாங்கும். விலையைக் கேட்டால் மேனேஜருக்கு நெஞ்சு வலி வரும். எல்லா இடத்துக்கும் வேண்டாம், மின்சாமான் இருக்கும் இடத்துக்கு மட்டுமாவது போடு என்றேன்.

அணிலுக்குத் தமிழ்நாட்டில் ஒரு அரசியல் வரலாறு உண்டு. 2021 ஜூனில் அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில் பாலாஜி, மின்கம்பிகளில் அணில்கள் ஓடுவதாலும் மின்தடை ஏற்படுகிறது என்றார். ஊரே சிரித்தது. மீம் போட்டே ஒரு வாரம் ஓட்டினார்கள். ஆனால் பராமரிப்பு வேலை பார்க்கும் ஒரு ஆள்கூடச் சிரித்திருக்க மாட்டார். அணிலுக்கு முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். ஒயரின் உறை அதற்கு வாகாக இருக்கிறது. இருட்டில் ஓடும் ரைடில் எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று சொல்வது தண்டவாளத்தோரம் இருக்கும் சென்சார்கள்தான். ஒயர் அறுந்தாலும் சரி, சென்சார் கண்மேல் எச்சம் விழுந்தாலும் சரி, கணினி சந்தேகத்தின் பலனை யாருக்கும் கொடுக்காது. எல்லா வண்டியையும் அந்தந்த இடத்திலேயே நிறுத்திவிடும். நல்லதுதான், மோதுவதைவிட நிற்பது மேல். ஆனால் பேய்க்கு முன்னால் நின்ற வண்டியிலிருந்து பயணிகளை டார்ச் அடித்து நடத்திக் கூட்டிவருவது யார்? நம் பையன்தான். "போன வாரம் ஒரு அம்மா, பேயை விட்டுட்டு என்னைப் பார்த்துக் கத்தினாங்க மாமா."

ஒயரையெல்லாம் உலோகக் குழாய்க்குள் விடு, சென்சாருக்கு மேலே ஒரு சின்னத் தகடு குடையாக வை என்றேன். அதைவிட முக்கியம் அந்த ரப்பர் கதவு. விசாரித்ததில் வெளிப்பட்டது: கதவின் ஸ்பிரிங் துருப்பிடித்து, வண்டி போனபிறகும் ஒரு கை அகலம் திறந்தே நிற்கிறது. ஆந்தை வாங்கிய காசில் ஸ்பிரிங் வாங்கியிருக்கலாம். பால்கனிக்குக் கதவு வைக்க முடியாது. அங்கே இரு பக்கமும் வலை கட்டி, வாசலுக்குப் பிறகு தண்டவாளம் வளையும் இடம்வரை கறுப்பு வர்ணம் அடித்துவிடலாம். இருட்டுப் பொந்துக்குள் புறா விரும்பிப் பறக்காது. அது வெளிச்சத்தை நோக்கிப் போகிற ஜீவன். வெளியே எங்கே போவதென்று தெரிகிற இடத்தில்தான் அதற்குத் தைரியம்.

வௌவால் இதற்கு நேர் எதிர். இருட்டு அதற்குத்தான். பகலில் கூரை இடுக்கில் தொங்கும், அந்தி சாய்ந்ததும் கிளம்பும். கிளம்பியபிறகு ஷட்டரை இறக்கினால் விடியற்காலை திரும்பி வந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடும். ஆனால் உள்ளே குட்டி இருக்கும் பருவத்தில் இதைச் செய்யக் கூடாது. தாய் வெளியே, குட்டி உள்ளே என்றாகி, செத்து நாறும். பழந்தின்னி வௌவாலையும் காக்கையையும் எலியையும் பழைய வனவிலங்குச் சட்டம் தொல்லை விலங்குகள் என்று தனிப் பட்டியலில் வைத்திருந்தது. 2022-ல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டது, அது 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காட்டுப் பறவைகளின் முட்டையையும் கூட்டையும் அழிப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைக் கணக்கில்தான் வரும். "கூடு கட்டினப்புறம் கலைக்காதே, கட்டறதுக்கு முன்னாடி தட்டை மூடு" என்று நான் சொன்னதில் பாதி இரக்கம், பாதி சட்டம்.

இந்த இரக்கம் விஷயத்தில் நம் அடையாறு பக்கத்துக்கு ஒரு பாத்தியதை உண்டு. மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடைக்காக மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அதைத் தொடர்ந்துதான் 1960-ல் மத்திய அரசின் சட்டம் வந்தது. 1962-ல் விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தபோது அவர்தான் அதன் தலைவர். 2018-ல் ஹரியானாவுக்கு மாற்றும்வரை வாரியத்தின் தலைமையகம் நம் ஊரில்தான் இருந்தது. எலிக்குப் பசை அட்டை வைக்காதீர்கள் என்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதும் அதே வாரியம். பூங்காவில் பசை அட்டை வைத்திருக்கிறார்கள் என்று பையன் சொன்னபோது எனக்குக் கோபமே வந்தது. அதில் எலி மட்டுமா ஒட்டும்? பல்லி ஒட்டும், பல்லியைத் தேடிவந்த பாம்பு ஒட்டும்.

பாம்பு எப்படி பேய் வீட்டுக்கு வருகிறது தெரியுமா? பாப்கார்ன் வழியாக. வரிசையில் நிற்பவர்கள் சிந்துகிற பாப்கார்னுக்கு எலி வருகிறது, எலிக்குச் சாரை வருகிறது. இன்னொரு கிளை, விளக்கு வழியாக. நுழைவாசலில் பளீரென்று வெள்ளை விளக்கு. முதல் மழை விழுந்த சாயங்காலம் ஈசல் அப்பும். ஈசலுக்குத் தேரை, தேரைக்கு நல்ல பாம்பு. விளக்கை மஞ்சளாக்கி, வாசலின்மேல் இல்லாமல் பத்தடி தள்ளிக் கம்பத்தில் வைத்து, அங்கிருந்து வாசலைப் பார்க்கத் திருப்பினால் பூச்சி அங்கேயே நின்றுவிடும். இதற்குப் பெரிய செலவில்லை. பாம்பு வந்துவிட்டால் கம்பைத் தேடாதே, ரைடை நிறுத்திவிட்டு வனத்துறைக்குப் போன் போடு. 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் முதலைப் பண்ணைக்குள் இருக்கிறது. விஷமுறிவு மருந்துக்காக நான்கு வகைப் பாம்பின் நஞ்சை எடுக்கிறார்கள். உன் ரோட்டிலேயே இருக்கிறது, லீவு நாளில் போய் நாகம் எது, சாரை எது, கட்டுவிரியன் எது என்று பார்த்துவிட்டு வா என்றேன். பூங்கா ஊழியர்கள் அத்தனை பேரையும் கூட்டிப்போனாலும் தகும்.

"முதலை வந்தா?" என்றான் கிண்டலாக. கிண்டலில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று பெருங்களத்தூரில் ஒரு முதலை ரோட்டைக் கடந்த வீடியோவை சென்னையில் பார்க்காதவர் இல்லை. அதே வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குள் ஒரு பெண் கரடி வந்து மரத்தில் ஏறிக்கொண்டது. பூங்காவின் ஒரு பகுதி ரைடுகளையே அன்று நிறுத்திவைத்து, பிடித்துக் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். காசுக்குக் குறைவில்லாத டிஸ்னியிலேயே வேலியால் தடுப்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் இன்னும் ஒரு படி மேலே போய், தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்து, தீனி வைத்து, எலிக்குக் காவலாக விட்டிருக்கிறார்கள். டிசம்பர் சீசனில் சபா கேன்டீன் பந்தலில் மேஜைக்கடியில் சுற்றும் பூனைகளும் இந்த உத்தியோகத்தில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன், உத்தரவு மட்டும் எழுத்தில் இல்லை.

எல்லாவற்றையும் விரட்டவும் வேண்டாம் என்பது என் கட்சி. நாட்டு உழவாரன் என்று ஒரு குட்டிப் பறவை இருக்கிறது. எச்சிலால் இறகை ஒட்டிக் கூரை மூலையில் கூடு கட்டும், நாள் முழுக்கப் பறந்துகொண்டே பூச்சி தின்னும். தண்டவாளத்துக்கு நேர்மேலே இல்லாவிட்டால் விட்டுவிடலாம். கூகை வந்தால் இன்னும் விசேஷம். வெள்ளை முகம், சத்தமில்லாத இறகு, நடுநிசியில் ஒரு கிரீச். எலி பிடிக்கும். சம்பளம் கேட்காத பேய்! பையன் ஒத்துக்கொள்ளவில்லை. "எச்சம் யார் மாமா கழுவறது?" அதுவும் நியாயம்தான்.

கழுவுவதைப் பற்றி மட்டும் அவனிடம் கண்டிப்பாகப் பேசினேன். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. தூசியோடு பூஞ்சையும் கிளம்பி நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, என்95 முகக்கவசம் போட்டு, சுரண்டிப் பையில் கட்டவேண்டும். புறா எச்சத்தால் சுவாசக் கோளாறு என்றுதான் மும்பையில் 2025-ல் தாதர் கபூத்தர்கானாவையே தார்பாலின் போட்டு மூடினார்கள், அதற்கு எதிராகப் போராட்டமும் நடந்தது. பூட்டிய இருட்டு அறைக்குள் ஃபேன் வைத்துப் புகை ஓட்டுகிற பேய் வீட்டில் அந்தத் தூசி எங்கே போகும்? டிக்கெட் வாங்கினவர் மூக்குக்குத்தான்.

திரும்பும்போது கதீட்ரல் ரோடு வழியாக வந்தோம். 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வாசலில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அங்கே ஜிப்லைன் இருக்கிறது, கண்ணாடி மாளிகை இருக்கிறது, வெளிநாட்டுப் பறவைகளை வைத்து ஒரு பறவையகமும் இருக்கிறது. காசு கொடுத்துப் பறவையை உள்ளே வைத்துக் காட்டுகிறவர்களின் தொழில்நுட்பமும் இதேதான், திசை மட்டும் வேறு. அதே வலை, அதே கண் அளவுக் கணக்கு. ஆட்கள் நடந்து போகிற பறவைக்கூடம் என்றால் இரட்டைக் கதவு வைப்பார்கள், ஒன்று மூடினால்தான் இன்னொன்றைத் திறப்பார்கள். சிந்தின தீனிக்கு எலி, எலிக்குப் பாம்பு என்ற அதே சங்கிலிக் கவலை அவர்களுக்கும் உண்டு. பையன் வேலியோரம் நின்று போனில் என்னவோ குறித்துக்கொண்டான்.

நேற்று கூப்பிட்டான். சாய்வுத் தகட்டுக்கு அனுமதி கிடைத்துவிட்டதாம். கதவு ஸ்பிரிங் மாற்றியாயிற்று. வாசல் விளக்கை அவனே ஏணி போட்டு மாற்றிவிட்டான். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒயரெல்லாம் குழாய்க்குள் போய்விடும். பாப்கார்ன் கடையை மட்டும் வரிசையிலிருந்து தள்ளி வைக்க மேனேஜர் மறுத்துவிட்டார். அந்தக் கடையிலிருந்து மாதாமாதம் வாடகை வருகிறதாம். சரி, கடைக்குப் பக்கத்தில் மூடி போட்ட குப்பைத்தொட்டி இரண்டாவது கேட்டு வாங்கு, மிதித்தால் திறக்கிற மாதிரி வாங்கு என்று சொல்லியிருக்கிறேன்.